பின் சக்கரத்துக்கு எவ்வளவு மிதி

...சரி, வாழ்த்து மடலை அப்புறம் வாசிக்கிறேன். சாம்பார் இறங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்னு சமையல்காரரு அங்கேருந்து கை காட்டுறாரு. அதுக்குள்ள உங்களுக்கு ஒரு குட்டிக் கதை. நம்ம மாப்பிள்ளை குபேந்திரனோட ஒர்க்‌ஷாப்ல நடந்தது. இன்னைக்கு அவருக்கே தேவைப்படும்.

என் மச்சான் சின்னமாயனை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். ஜீப்காரரு. காலையில பத்துப் பொம்பளைங்கள ஏத்திக்கிட்டு போடிமெட்டுக்கு மேல ஏலத்தோட்டத்துக்குப் போவாரு, சாயந்திரம் கீழ கொண்டாந்து விடுவாரு. ஜீப்புக்கு வயசு முப்பத்தஞ்சு. நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக்கு. மழையில நனைஞ்சுட்டா அந்தப் பிரேக்கு பிடிக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கும். யோசிக்கட்டும், தப்பில்ல... ஆனா கொண்டை ஊசி வளைவுல யோசிக்கலாமா?

ஒரு நாள் அப்படி ரொம்ப நேரம் யோசிச்சு, பாறையை ஒட்டிப் போய் நின்னுச்சு. மறுநாளே மச்சான் குபேந்திரன்கிட்ட வந்துட்டாரு.

"தம்பி, முன்னாடி ரெண்டுக்கும் டிஸ்க் பிரேக்கு மாட்டிரு."

குபேந்திரன் மாட்டினாரு. மாட்டிட்டுச் சொன்னாரு: "அண்ணே, வண்டியை இன்னும் எடுக்காதீங்க. பின்னாடி டிரம்முக்குப் போற லைன்ல ஒரு சின்ன வால்வு போடணும். பின்னாடி போற அழுத்தத்தைக் குறைக்கணும். கோயம்புத்தூர்ல சொல்லிவிட்டிருக்கேன், நாலு நாள்ல வந்துரும்."

"குறைக்கணுமா?"

மச்சான் முகம் மாறிருச்சு. ஏன் தெரியுமா? அவரு நியாயஸ்தரு. அண்ணன் தம்பிங்களுக்குள்ள வீட்டைப் பிரிச்சப்ப, முருங்கை மரத்தைக் கிளை கிளையா எண்ணிப் பிரிச்ச மனுசன்.

"முன்னாடி இருக்கிறதும் சக்கரம், பின்னாடி இருக்கிறதும் சக்கரம். அதென்ன அதுக்கு மட்டும் கம்மி? புதுசு வந்ததும் பழசை ஒதுக்குறியா?"

"ஒதுக்கலண்ணே. பஸ்ல நிக்கிறீங்க... டிரைவர் பிரேக் அடிக்கிறாரு. எந்தப் பக்கம் சாய்வீங்க?"

"முன்னாடி."

"வண்டியோட எடையும் அப்படித்தாண்ணே, முன்னாடி போயிரும். பின்பக்கம் லேசாயிரும். அது போக, டிரம்முக்கு ஒரு குணம் இருக்கு. கொஞ்சம் தொட்டாப் போதும், மீதியத் தன்னால இறுக்கிக்கும். டிஸ்க்குக்குக் குடுக்கிற மிதியை அப்படியே அதுக்கும் குடுத்தீங்கன்னா, சக்கரம் சுத்தாம கப்புனு பூட்டிக்கும்."

மச்சான் தலையாட்டினாரு. நல்லாவே ஆட்டினாரு. குபேந்திரன் டீ குடிக்கப் போனதும் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு.

நல்ல வேளை, காலி வண்டி. அடிவாரத்து ரோடு, லேசான தூறல். நான் உக்காந்திருந்த டீக்கடைக்கு முன்னாடி ஒரு ஆடு குறுக்க வந்துச்சு. மச்சான் மிதிச்சாரு. நாலு சக்கரத்துக்கும் சமமா... எந்தப் பாரபட்சமும் இல்லாம மிதிச்சாரு. பின் சக்கரம் ரெண்டும் பூட்டிக்கிச்சு. பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பாத்துச்சு. ஜீப்பு ரோட்டுலயே அரைச் சுத்து சுத்தி, எந்தப் பக்கமிருந்து வந்துச்சோ அந்தப் பக்கத்தையே பாத்து நின்னுச்சு. ஆடு அதுபாட்டுக்கு நடந்து போயிருச்சு.

டீக்கடைக்காரரு கிளாஸைக் கழுவிக்கிட்டே கேட்டாரு: "என்னண்ணே... எதையாவது மறந்து வச்சுட்டு வந்துட்டீங்களா?"

மச்சான் மெதுவாத் திரும்பிப் பின் பலகையைப் பாத்தாரு. தினமும் பத்துப் பொம்பளைங்க உக்கார்ற பலகை. பாத்துட்டு அழுதுட்டாருங்க. அவரு அழுது அதுக்கு முன்னாடி நான் பாத்ததில்ல.

அப்புறம் வால்வு வந்துச்சு. விரல் நீளம், பித்தளை, தலையில ஒரு திருகு. அவ்வளவுதான். குபேந்திரன் அதை மாட்டிட்டு ஆளில்லாத ரோட்டுல ஓட்டுவாரு... மிதிப்பாரு... இறங்கிக் கொஞ்சம் திருகுவாரு. மறுபடி ஓட்டுவாரு... மிதிப்பாரு... இறங்கித் திருகுவாரு. இருபத்திமூணு தடவை. நான் எண்ணினேன், எனக்கு வேற வேலை இல்ல. எவ்வளவு மிதிச்சாலும் பின்பக்கம் பூட்டாம, வண்டி நேரா வந்து நின்ன பிறகுதான் சொன்னாரு: "இப்ப ஆள் ஏத்தலாம்ணே."

இதை எதுக்குக் கல்யாண வீட்ல சொல்றேன்?

உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். குபேந்திரன் சம்சாரம் தவறி ஆறு வருசமாச்சு. அந்தக் குடும்பம், அப்பாவும் மகளுமா ஓட்டிட்டு வந்த வண்டி. இன்னைக்கு ராஜாமணி டீச்சர் கல்யாணப் பொண்ணா வந்திருக்காங்க. டீச்சர், உங்களை டிஸ்க் பிரேக்குன்னு சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, அது மதிப்பான சாமான்.

குபேந்திரா, இனி நீ வா போன்னே பேசுறேன். நாளைக்குக் காலையில என்ன செய்யப் போற? "யமுனா, இவங்கதான் இனிமே உனக்கு அம்மா, அம்மான்னு கூப்பிடு"ன்னு ஒரே மிதியா மிதிச்சுடாத. உனக்கு வந்த சந்தோஷம் அதே அளவுல, அதே நாள்ல அந்தப் பிள்ளைக்கும் வரணும்னு கணக்குப் போடாத. அவ ஏற்கெனவே தன்னால இறுக்கிக்கிட்டுத்தான் முதல் வரிசையில உக்காந்திருக்கா. டீச்சர்னே கூப்பிடட்டும். வருசம் பூரா கூப்பிடட்டும். கொஞ்சம் திருகு... ஓட்டிப் பாரு... இறங்கிப் பாரு. இருபத்திமூணு தடவை ஆகுமா? ஆகட்டும்.

நீங்களும் கேட்டுக்குங்க. மருமக வந்த வீடு, மருமகன் வந்த வீடு, எல்லாமே புதுசும் பழசும் சேந்து ஓடுற வண்டிதான். எல்லாரையும் ஒரே மாதிரி மிதிக்கிறதை நாம நியாயம்னு சொல்லிக்கிறோம். யாரு எவ்வளவு தாங்குவாங்கன்னு பாத்து மிதிக்கிறதுதாங்க நியாயம்.

நீ அவசரப்பட்டேன்னு வையி குபேந்திரா... வீடு அப்படியே அரைச் சுத்து சுத்தி, வந்த பக்கம் பாத்து நின்னுரும். நான் உன் வாசல்ல டீ கிளாஸோட வந்து நிப்பேன். கேப்பேன்... "என்னப்பா, எதையாவது மறந்து வச்சுட்டு வந்துட்டியா?"

அன்னைக்குத் திரும்பிப் பாக்கிறதை இன்னைக்கே பாத்துரு. அந்தா, முதல் வரிசையில... பாரு...

ம். அவளும் பாக்குறா. போதும். இலையைப் போடுங்கப்பா.