சிவப்புச் சீட்டு குத்தாத கடிதம்

உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டேன். விசாரணை ஆணையத்தின் முன்னால் அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அலுவலகத்தில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இன்ஸ்பெக்டரே நின்றுகொண்டுதான் பதில் சொன்னாராம். ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "போடுங்கப்பா" என்றார். உட்கார்ந்துதான் பேசினேன்.

என் பெயர் கிளாரா. ஊர் முகையூர். எங்கள் வீட்டில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள். விழுப்புரத்தில் ஓர் உளவுப் பிரிவு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். தபாலில் வரும் மொட்டைக் கடுதாசிகளைப் படிப்பது என் வேலை. நான் சிவப்புச் சீட்டு குத்தினால் அது இன்ஸ்பெக்டர் சீனுவாசன் மேஜைக்குப் போகும். குத்தாவிட்டால், 'அனுப்பியவர் பெயர் இல்லை, முடிக்கலாம்' என்று எழுதிக் கட்டி வைத்துவிடுவோம். முக்கால்வாசி அப்படித்தான் முடியும்.

பிப்ரவரியில் ஒன்றுக்குச் சீட்டு குத்தினேன். மேல்சித்தாமூர் பக்கம் ஒரு கொட்டகையில் வெடிகுண்டு என்று எழுதியிருந்தது. ஜீப்பில் போய்ப் பார்த்தார்கள். உள்ளே மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலைதான். பங்காளிச் சண்டையில் எவனோ எழுதிய கடுதாசி. திரும்பி வந்த சீனுவாசன் எல்லாரையும் வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா முதல் பட்டதாரி, மல்லாட்டைக்கும் பாமுக்கும் வித்தியாசம் தெரியாதா? ஊர்ல அதைத்தான பொறுக்கிக்கினு இருந்தீங்க? இனிமே நான் சொல்லாம ஒரு சீட்டு குத்தின, தொலைச்சுடுவேன்."

சிரித்தார்கள். நான் "சரிங்க சார்" என்றேன்.

ஏப்ரலில் அந்தக் கடிதம் வந்தது. திருவக்கரை பக்கத்துக் கல்குவாரியில் திருடின இரண்டு பெட்டி ஜெலட்டின் குச்சி, திண்டிவனத்தில் அதைப் பதுக்கியிருக்கும் வீடு, வெள்ளிக்கிழமை காலை, பஸ் ஸ்டாண்டு. எழுதினவன் பெயர்தான் இல்லை. பெட்டி எண்கூட இருந்தது. குவாரிக்காரரின் திருட்டுப் புகாரை முந்தின வாரம் பதிவு செய்தவளே நான். எடுத்து ஒத்துப் பார்த்தேன். அதே எண்.

'முடிக்கலாம்' என்று எழுதினேன். கட்டுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். பின்னால் கேட்பார்கள் அல்லவா.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் வெடித்தது. இருபத்திரண்டு பேர்.

ஆணையத்தின் முன் அந்த நகலை வைத்தேன். பிப்ரவரியில் சீனுவாசன் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன்.

நீதிபதி கேட்டார்: "கடுதாசி நெஜமா இருக்கும்னு உனக்குத் தோணலையாம்மா?"

"தோணுறது என் வேலை இல்லைன்னு சொல்லிட்டாங்கய்யா."

சீனுவாசன் தலை குனிந்துகொண்டார். பிப்ரவரியிலிருந்து நான் காத்திருந்தது அதற்குத்தான்.

அங்கே யாருக்கும் கேட்கத் தோன்றாத ஒன்று உண்டு. என் தங்கை வெனிலா என்னோடு விழுப்புரத்தில் இருந்துகொண்டு திண்டிவனத்துக்குக் காலேஜ் போகிறாள். தினமும் காலையில் அந்த பஸ் ஸ்டாண்டில்தான் இறங்குவாள். வியாழக்கிழமை சாயங்காலம், நாளைக்கு லீவு போடு என்றேன்.

"இன்னாத்துக்குக்கா? டெஸ்ட் இருக்குது."

"ஜொரம்னு சொல்லு."

"அப்போ பொன்னியாண்டயும் சொல்லிடறேன். நான் இல்லாம அது தனியா பேஜாராவும்."

"அது போவட்டும். ரெண்டு பேரும் நின்னுட்டா மிஸ்ஸுக்குச் சந்தேகம் வரும்."

தினமும் அவளோடு காலேஜ் போகும் பொன்னி மட்டும் போய் இறங்கியிருக்கிறாள். வெனிலா இன்னும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டால் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். உயிரோடு இருக்கிறாள், அது போதும்.

நான் சொன்னதை டைப் அடித்து நீட்டினார்கள். 'மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவின்படி' என்று நன்றாகவே எழுதியிருந்தது. வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று நீதிபதி கேட்டார்.

"இல்லைங்கய்யா."

கையெழுத்துப் போட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. நகல் எடுத்த அன்றைக்கே முடிவு செய்தது.

வெளியே வராந்தாவில் பொன்னியின் அப்பா பெரியசாமி நின்றுகொண்டிருந்தார். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைக் கும்பிட்டார்.

"இத்தினி பேர்ல நீ ஒருத்திதாம்மா உள்ளத உள்ளபடி சொன்ன."

அவர் கையைப் பிடித்து இறக்கினேன். "உங்க பொண்ணக் கொன்ன ஆளு உள்ளதான் இருக்காருங்க, விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, படியிறங்கி நடந்தேன்.