புள்ளி எட்டு இரண்டு

இந்த அறையின் மின்விசிறியில் ஓர் இறக்கை லேசாக வளைந்திருக்கிறது. டக் டக் என்ற சத்தம் அதனால்தான். மூன்று நாளாகச் சொல்ல நினைத்தேன். நீங்கள் வேறு விஷயங்களைக் கேட்டுக்கொண்டிருந்ததால் குறுக்கே பேசவில்லை. ஏணி இருந்தால் ஐந்து நிமிட வேலை.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றதும், "டெக்னிக்கலா எதுவும் வேணாம்ப்பா, படிக்கிறவங்களுக்குப் புரியணும்" என்றார் உங்கள் உதவி அதிகாரி. அது கொஞ்சம் சிரமம். காரணமே அதில்தான் இருக்கிறது. முடிந்தவரை சுருக்குகிறேன்.

டர்போ என்பது ஒரே தண்டில் மாட்டிய இரண்டு விசிறிகள். இன்ஜின் வெளியே தள்ளும் சூடான புகை ஒன்றைச் சுற்றும். அது சுற்றினால் மறுமுனையில் இருப்பது வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோல் கூடலாம், பெட்ரோல் கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் ஓட்டுபவனின் மாமனாருக்குக் கவலை கூடும். புகை விசிறியைச் சுற்றி நத்தை வடிவில் ஓர் இரும்புக் கூடு உண்டு. ஹவுசிங் என்போம். அதன் தொண்டை குறுகலாக இருந்தால் புகை சீறிக்கொண்டு வரும், காலை வைத்ததும் வண்டி பாயும். ஆனால் காலை எடுக்காமலே ஓட்டினால் புகை வெளியேற வழியில்லாமல் தேங்கும். படம் விட்டதும் ஒரே ஒரு கதவைத் திறந்த தியேட்டர் மாதிரி. சூடு ஏறும், விசிறி தாங்கும் வேகத்துக்கு மேல் சுற்றும். தொண்டை அகலமாக இருந்தால் வண்டி முதலில் கொட்டாவி விடும், கடைசிவரை மூச்சு முட்டாது.

ஒவ்வொரு கூட்டின் கழுத்திலும் ஓர் எண் வார்த்திருக்கும். இந்த வழக்கில் இரண்டே எண்கள். புள்ளி எட்டு இரண்டு, சிறியது. ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு, பெரியது. பட்டறையில் சின்ன வீடு, பெரிய வீடு என்போம். இதனால் என் தங்கை முன்னிலையில் தொழில் பேசுவதில் சில சிரமங்கள் இருந்தன.

பட்டறை என்னுடையதும் பெடலுடையதும். கல்லூரிக்கு வந்த முதல் வாரமே அவனுக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டது. மிதித்த காலை எடுக்க மாட்டான். கல்லூரியில் எல்லோரும் எல்லோரையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அவன் ஒருவன்தான் என் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டு அந்தச் சொல்லுக்கு மரியாதை செய்தான்.

பட்டறையில் அவன் கழற்றுவான், மாட்டுவான், ஓட்டிப் பார்ப்பான். நான் தேர்ந்தெடுப்பேன். எந்த இன்ஜினுக்கு எந்த டர்போ, எந்தக் கூடு. என் கையில் கிரீஸ் பட்டதே இல்லை என்று ஒரு கேலி அங்கே நிரந்தரமாக உண்டு. வாடிக்கையாளரிடம் எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று நான் கேட்பதில்லை. அதை அவர்கள் உட்காரும் முன்பே சொல்லிவிடுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: கால் எவ்வளவு நேரம் அழுந்தியிருக்கும்? சிக்னலுக்குச் சிக்னல் பறப்பவனுக்கு ஒரு கூடு, நீளமான ஓடுதளத்தில் ஓட்டுபவனுக்கு வேறு கூடு. எல்லா இடத்துக்கும் சரியான கூடு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. இதை நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறேன்.

வெள்ளை வண்டி எங்கள் சொந்த வண்டி. பட்டறையின் முகவரி அட்டை மாதிரி. அதற்குப் புள்ளி எட்டு இரண்டு என்று எழுதிக் கொடுத்தேன்.

"மச்சான், இது மேல போனா மூச்சு முட்டும்டா. பெருசு போடலாம்" என்றான் பெடல்.

"பெருசு போட்டா நாலாயிரத்து ஐந்நூறு சுத்து வரைக்கும் இன்ஜின் தூங்கும். நீ கெளம்புறதுக்குள்ள பக்கத்து வண்டிக்காரன் வீட்டுக்குப் போய் குளிச்சிட்டு வந்துருவான்."

"ஒரு தடவ பெருசு போட்டு பாத்துட்டு..."

"நான் பாத்துட்டேன். பேப்பர்ல."

சிரித்தான். "சரி மச்சான். நீ சொன்னா அதுதான்."

இந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் வண்டியைத் திறன் அளக்கும் உருளைமேல் ஏற்றி அளந்தோம். எண்ணூற்றுப் பன்னிரண்டு குதிரைத்திறன். நான் கணித்தது எழுநூற்று நாற்பது. அளவு கணக்குக்குக் கீழே வந்தால் எல்லோரும் காரணம் கேட்பார்கள்; மேலே வந்தால் கைகுலுக்குவார்கள். மூவாயிரத்து எண்ணூறு சுற்றில் வர வேண்டிய அழுத்தம் நாலாயிரத்து அறுநூறில்தான் வந்தது என்பதையும் கவனித்தேன். ஏர் ஃபில்டரில் தூசி என்று முடிவு செய்தேன்.

சின்னக் கூட்டில் எண்ணூறு எடுத்த ஆள் என்று எனக்குப் பெயர் வந்தது. நாங்கள் படித்த கல்லூரியிலேயே பேசக் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சார், சின்ன ஹவுசிங்னா அழுத்தம் இவ்ளோ லேட்டா ஏன் வருது?" என்று கேட்டாள். ஏர் ஃபில்டர் என்றேன். அரங்கம் ஒப்புக்கொண்டது. முதல் வரிசையில் பெடல் உட்கார்ந்து கைதட்டினான். கடனுக்குத் தட்டவில்லை. மனசாரத் தட்டினான்.

எட்டு மாதம் கழித்து ஒரு பகலில், டர்போ பக்கம் எண்ணெய் கசிவதைப் பார்த்தேன். பெடல் வெளியே போயிருந்தான். வழக்கத்துக்கு மாறாக நானே குனிந்து வெப்பப் போர்வையை விலக்கினேன். இரும்பு சூடாகாமல் போர்த்துகிற போர்வை இல்லை அது, சூடு வெளியே வராமல் போர்த்துவது; கூட்டை முழுக்க மூடியிருக்கும். விலக்கியதும் கழுத்தில் எண் தெரிந்தது. ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு.

வெல்டர் அண்ணன் பக்கத்தில் ஏதோ குழாயை ராவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தக் கூடு எப்ப மாத்தினது?"

"அது மொதல்லயே மாத்தியாச்சே தம்பி. சின்னதுல ஓட்டிப் பாத்தோம், சூடு எகிறிடுச்சு. நீ அன்னிக்கு வெளியூர் போயிருந்த. பெடலு அன்னிக்கே பெருசு மாட்டிட்டான்." ராவுவது நின்றது. "ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. சும்மா கேட்டேன்."

விசாரித்ததில், பட்டறையில் வேலை செய்யும் நான்கு பேருக்கும் தெரிந்திருந்தது. டயர் கொண்டுவந்து போடுபவருக்கும் தெரிந்திருந்தது. அவர் மாதம் ஒருமுறைதான் வருவார்.

பெடல் மறுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"உன் மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லல மச்சான். அளந்த அன்னிக்கே சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ ஊரு முழுக்க போன் போட்டுட்ட. அவ்ளோ சந்தோஷமா இருந்த. அப்புறம் எப்படிடா சொல்றது?"

"எட்டு மாசம்."

"விடுடா. வண்டி ஓடுச்சுல்ல? பேரு உனக்குத்தானே வந்துச்சு?"

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

தரையைப் பார்த்தான். "அவதான்டா சொல்ல வேணாம்னா. அண்ணன் தாங்க மாட்டான்னு."

ஒருவன் என் பெயரைத் திருடினால் உங்களிடம் வந்து புகார் கொடுத்திருப்பேன். எனக்குச் சேராத பெயரை என் சட்டைப்பையில் வைத்துவிட்டு, எட்டு மாதம் அந்தப் பையைத் தட்டிக் கொடுத்தவன்மீது எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? நான் கோபப்படவில்லை. வெல்டர் அண்ணனைக் கேட்டுப் பாருங்கள், குரலைக்கூட உயர்த்தவில்லை. அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. பேச்சு வெள்ளை வண்டிப் பக்கம் திரும்பினால் தங்கை தண்ணீர் எடுக்க எழுந்துவிடுவாள். பெடல் வானிலையைப் பற்றி ஏதாவது சொல்வான். காய்ச்சல்காரனைப் பார்த்துக்கொள்வதுபோல இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டார்கள். கூட்டின் பேச்சை மறுபடி யாரும் எடுக்கவே இல்லை. நீ தப்பு, நான் சரி என்று அவன் ஒருமுறை சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அதற்கு அவனுக்கு மனசு வரவில்லை. ரொம்ப நல்லவன்.

பிறகு அந்தப் போட்டி வந்தது. பயன்பாட்டில் இல்லாத விமான ஓடுதளத்தில், நின்ற இடத்திலிருந்து ஒரு மைல். காலை எடுக்காமல் அரை நிமிடம். போன தடவை அங்கே பெரிய கூட்டோடு ஓடிய பதிவு எங்களிடம் இருந்தது. ஒரே வண்டி, ஒரே தளம், ஒரே ஓட்டுநர். ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது என்று எனக்குத் தோன்றியது.

இரண்டு நாள் முன்பு, மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மாற்றினேன். புள்ளி எட்டு இரண்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. பெடல் அதற்கு எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, என் மேசைக்கு மேலே இருந்த தட்டில்தான் வைத்திருந்தான். அத்தனை மாதமும் என் தலைக்கு நேர் மேலே இருந்திருக்கிறது. இரண்டு கூடும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். போர்வையைப் போர்த்திவிட்டால் கேள்வியே இல்லை. முறை அவன் கற்றுக் கொடுத்தது.

இன்ஜின் கம்ப்யூட்டரில் ஒரு காவல் உண்டு. புகையின் சூடு தொள்ளாயிரத்து ஐம்பது டிகிரியைத் தாண்டினால் அது தானே பெட்ரோலைக் குறைத்து வேகத்தை மட்டுப்படுத்தும். பாதியில் மட்டுப்பட்டால் ஒப்பீடு நியாயமாக இருக்காது. அதனால் அந்த எல்லையை ஆயிரத்து இருநூறுக்கு உயர்த்தினேன். ஓட்டுநர் முன்னால் இருக்கும் எச்சரிக்கை விளக்கையும் அணைத்து வைத்தேன். அந்த வேகத்தில் கவனம் சிதறக் கூடாது.

நேற்று நீங்கள் 'திட்டமிட்டு' என்ற சொல்லை மூன்று முறை பயன்படுத்தினீர்கள். நான் இதைப் பரிசோதனை என்பேன்.

போட்டியன்று காலை தங்கையும் வந்திருந்தாள். பெடல் ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, எல்லாத்தையும் ஒரு தடவ பாத்துட்டல்ல?"

"என் கையாலேயே மாட்டினேன்."

"உன் கையிலயா? கிரீஸா? நம்பலாமா?" சிரித்தாள். "அப்ப சரி. அவரு பாக்குறதவிட நீ பாத்தாதான் எனக்கு நிம்மதி."

வண்டியைச் சூடேற்ற ஒரு சுற்று ஓட்டியபோது பெடலின் குரல் ரேடியோவில் வந்தது. "மச்சான், என்னடா பண்ணித் தொலைச்ச? கால வச்சதும் பிச்சிக்கிட்டுப் போகுது. செம."

"ஏர் ஃபில்டர் மாத்தினேன்" என்றேன்.

என் கூட்டுக்கு அவன் கொடுத்த ஒரே உண்மையான பாராட்டு அது. என்ன கூடு என்று தெரியாமல் கொடுத்ததால் அதில் இரக்கம் கலக்கவில்லை.

வண்டி அனுப்பும் தகவல்கள் என் மடிக்கணினியில் உடனுக்குடன் வரும். பழைய ஓட்டத்தைச் சாம்பல் கோடாகவும் அன்றைய ஓட்டத்தைச் சிவப்புக் கோடாகவும் வைத்திருந்தேன். கொடி இறங்கியது. முதல் விநாடியிலிருந்தே சிவப்பு மேலே. கால் மைலில் மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் வேகம் அதிகம். அரை மைலில் பதினொன்று. இடைவெளி சுருங்கத் தொடங்கியது, ஆனால் சிவப்புதான் மேலே. கீழே தனியாக சூட்டின் கோடு. தொள்ளாயிரத்து ஐம்பது. ஆயிரம். ஆயிரத்து அறுபது.

முக்கால் மைலில் புகை விசிறி வெடித்தது. துண்டு கூட்டைத் துளைத்து எண்ணெய்க் குழாயை அறுத்தது. சிவந்த இரும்பில் எண்ணெய் கொட்டினால் என்ன ஆகும் என்பது நீங்கள் காட்டிய நிபுணர் அறிக்கையில் சரியாகவே இருக்கிறது. வண்டி நிற்க இன்னும் அறுநூறு மீட்டர் ஆனது. பெடல் மறுநாள் மாலைவரை இருந்தான். அதற்குப் பிறகு தங்கை என்னிடம் பேசவில்லை; துக்கத்தில் இருக்கிறாள் என்று புரிந்துகொள்கிறேன்.

ஆனால் அறிக்கையில் ஒரு குறை இருக்கிறது. முக்கால் மைல்வரை என் கூடுதான் வேகம். அதை ஒரு வரிகூட எழுதவில்லை. சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, மூன்று நாளாக நீங்கள் கேட்டு நான் பதில் சொல்லாத கேள்வி. சூடு ஆயிரத்தைத் தாண்டியபோது என் கையில் என்ன இருந்தது?

ரேடியோ இருந்தது. கட்டைவிரல் பொத்தான் மேலேதான் இருந்தது. விசிறி இனி தாங்காது என்று தெரியும். அது தெரிவதுதான் என் வேலை. வெடிப்பதற்கு முன் முழுசாக ஐந்து விநாடி இருந்தது. 'காலை எடு' என்பதற்கு ஒரு விநாடி போதும்.

சொல்லியிருந்தால் உடனே எடுத்திருப்பான். ஊரில் யார் சொல்லியும் எடுக்காத கால், நான் சொன்னால் எடுக்கும். இறங்கி வந்திருப்பான். போர்வையை விலக்கிப் பார்த்திருப்பான். பார்த்துவிட்டு எதுவும் கேட்டிருக்க மாட்டான். தோளில் கைபோட்டுச் சாப்பிடக் கூட்டிப் போயிருப்பான். அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், வாழ்நாள் முழுக்க, அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எனக்குப் பரிமாறுவதை நான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும்.