ஃபிரிட்ஜ் மேல் இருந்த ஃபியூஸ் கட்டை

எல்லா பல்பும் டிம்மருக்கு ஒத்துவராது. பல்பு விற்கிற கடைக்காரர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்விட்சுக்கென்று தனியாக ஒரு வகை பல்பு இருக்கிறது; அட்டைப்பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பான். அதைப் பார்க்காமல் சாதாரண எல்.இ.டி. பல்பை மாட்டினால், குறைக்கும்போது விட்டுவிட்டு மினுக்கும். குறை பல்பில்தான், வயரிங்கில் இல்லை. ஐயா, இதை முதலிலேயே குறித்துக்கொண்டீர்களானால் மீதி எல்லாம் எளிதாகப் புரிந்துவிடும்.

நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அவசரமில்லாமல் சொல்லுங்கள் என்றீர்கள். நானே எழுதித் தருகிறேன் என்றேன். முப்பத்தொரு வருஷம் ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன்; தினமும் பழுதுப் புத்தகம் எழுதிய கை. என் எழுத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது. நான் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் என்னிடம் திரும்ப வந்து விளக்கம் கேட்டதும் கிடையாது.

வீட்டு வயரிங் முழுக்க நான் செய்தது. என் மகள் பிறந்த வருஷம், அவளை மடியில் போட்டுக்கொண்டு என் மனைவி பார்த்துக்கொண்டிருக்க, சுவரை வெட்டி, குழாய் பதித்து, ஒவ்வொரு அறைக்கும் தனி லைன் இழுத்தேன். இருபத்தெட்டு வருஷமாக ஒரு ஸ்விட்ச் சூடானதில்லை, ஒரு இடத்தில் கருகல் வாடை வந்ததில்லை. மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. வெளிச்சத்தைப் பற்றி அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

ஃபியூஸ் கட்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பழைய மாதிரி போர்டுதான். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டை. அதைப் பிடுங்கினால் அந்த அறையில் கரண்டு இருக்காது, திரும்பச் செருகினால் வந்துவிடும். ஆலையில் ஒரு தடவை என் கூட்டாளி ஏணி மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். பிடுங்கிய கட்டையை ஒரு மேஜை மேல் வைத்திருந்தார். கூட்டித் துடைக்க வந்தவர், யாரோ மறந்துவிட்டார்கள் என்று நல்ல எண்ணத்தில் அதை எடுத்துப் போர்டில் செருகிவிட்டார். கூட்டாளியை ஏணியிலிருந்து இறக்கியது நான்தான். அதன் பிறகு நான் ஒரு விதி கொண்டுவந்தேன்: எவன் வயரைத் தொடுகிறானோ அவன் சட்டைப் பையில்தான் கட்டை இருக்க வேண்டும். ஆலையில் எனக்குப் பாக்கெட்காரர் என்றே பட்டப்பெயர் விழுந்தது. நான் ஓய்வுபெறும் வரை எங்கள் பிரிவில் வேறு சாவு இல்லை.

என் மருமகனைக் கெட்டவர் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். குடி இல்லை, அதட்டல் இல்லை, மகளைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. விடுமுறை நாளில் சும்மா உட்காரத் தெரியாது. ஃபோனில் எதையாவது பார்த்துவிட்டுத் திருப்புளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பேத்திக்கு ஐந்து மாதம். பால் கொடுக்கும்போது விளக்கு குழந்தையின் கண்ணில் அடிக்கிறது என்று மகள் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே டிம்மர் ஒன்றும், மேலிருந்து தொங்குகிற விளக்கு ஒன்றும் வாங்கி வந்துவிட்டார். முப்பத்தொரு வருஷம் இதே வேலை பார்த்த ஒருவன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

கட்டையைப் பிடுங்கி, போர்டுக்குப் பக்கத்தில் இருந்த ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு அறைக்குள் போனார். நான் சொன்னேன்.

"மாப்பிள்ளை, கட்டையைப் பையில போட்டுக்குங்க."

அவர் சிரித்தார். "வீட்டுல இருக்கறதே நாலு பேரு மாமா. அதுல ஒருத்தி இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கல. யாரு வந்து எடுத்து மாட்டப்போறா?"

மகள் உள்ளேயிருந்து, "அப்பா, அவரைக் கொஞ்சம் வேலை செய்ய விடுங்களேன். எதுக்கெடுத்தாலும் நொய்நொய்னு சொல்லிக்கிட்டு" என்றாள். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகு நான் திறக்கவில்லை. வீட்டில் ஒருவராவது சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா.

விளக்கை மாட்டினார். வெளிச்சத்தைக் குறைத்தார். மினுக்கியது. பல்புப் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து, என் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் படம் எடுத்து யாரோ ஒரு கான்டிராக்டருக்கு அனுப்பினார். இதெல்லாம் மியூசியத்தில் வைக்க வேண்டிய வயர் என்று பதில் வந்தது. அதை உரக்கப் படித்துக் காட்டினார். மகளும் சிரித்தாள். பெரிதாக இல்லை, லேசாகத்தான். அவமானமாக இருந்தது, அதை ஒளித்துப் பயனில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் வயரிங் பேச்சுதான். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவதா, இல்லை தனியாக ஃப்ளாட் பார்த்துப் போவதா. வியாழக்கிழமை ஃப்ளாட் என்று முடிவாகிவிட்டது. மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "குழந்தை இருக்கிற வீடுப்பா. நீங்க போட்டது அந்தக் காலத்துக்குச் சரி. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நோயாளியிடம் பேசுவது மாதிரிப் பேசினாள்.

அதற்கு முன்பே, செவ்வாய்க்கிழமை, அவர்கள் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தபோது, நான் சரியான பல்பை வாங்கி வந்து மாட்டிப் பார்த்தேன். ஒரு சிணுங்கல் இல்லை. நான் நினைத்தபடி நிதானமாகக் குறைந்தது, நிதானமாகக் கூடியது. ஐந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கழற்றி என் மேஜை டிராயரில் வைத்துவிட்டு, மினுக்குகிற பல்பையே திரும்ப மாட்டினேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வாயைத் திறக்க வேண்டாம் என்றது அவர்கள்தானே.

அடுத்த ஞாயிறு காலை பதினோரு மணி. புது ஃப்ளாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டிம்மரைக் கழற்றக் கிளம்பினார். மகள் குளியலறையில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மருமகன் கட்டையைப் பிடுங்கி வழக்கம்போல ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். அறை வாசல் வரை போனவர், ஏதோ தோன்றித் திரும்பி வந்தார்.

"மாமா, உங்ககிட்ட டெஸ்டர் இருக்கா? கரண்டு இருக்கான்னு ஒரு தடவை வச்சுப் பாத்துக்கறேன்."

டெஸ்டர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அது இல்லாமல் நான் சட்டை போட்டதில்லை.

"எதுக்கு மாப்பிள்ளை? கட்டையை நீங்கதான புடுங்கினீங்க" என்றேன்.

அதுவும் சரிதான் என்று உள்ளே போனார். நான் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். எடுத்த பொருள் எடுத்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஃபிரிட்ஜ் மேல் ஃபியூஸ் கட்டை இருப்பது கண்ணை உறுத்தியது. எடுத்துப் போர்டில் செருகினேன். அந்த அறையின் ஃபேன் ஸ்விட்சை நான் காலையிலேயே அணைத்துவிட்டிருந்தேன். அது ஓடிக்கொண்டிருந்திருந்தால் திரும்பச் சுற்றத் தொடங்கி, கரண்டு வந்தது தெரிந்துபோயிருக்கும். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடுவது எனக்குப் பிடிக்காது.

சத்தம் பெரிதாக இல்லை. திருப்புளி தரையில் விழுந்தது. மகள் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். அவர் ஸ்விட்ச் பெட்டியோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அவள் கை அவர் தோள் வரை போய்விட்டது. "தொடாதே" என்றேன். நின்றாள். அவளையும் பேத்தியையும் காப்பாற்றியது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு போர்டுக்குப் போனேன். எனக்கு ஓடிப் பழக்கமில்லை. எப்போதும்போல நடந்துதான் போனேன். கட்டையைப் பிடுங்கி ஃபிரிட்ஜ் மேலேயே வைத்தேன். அவர் கீழே சரிந்தார்.

மறுநாள் மின்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கட்டை ஃபிரிட்ஜ் மேல் இருந்தது, அவர் பிடுங்கி வைத்த அதே இடத்தில். கட்டை பிடுங்கியிருந்தும் பெட்டிக்குள் கரண்டு எப்படி வந்தது என்று இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில், பழைய வயரிங்கில் எங்கோ இரண்டு லைன் ஒட்டியிருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். எங்கே ஒட்டியது என்று ஒரு சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாய்க்கு வந்ததை எழுதி முத்திரை குத்திவிட்டார்கள்.

மகள் அந்த அறிக்கையைப் படித்தாள். அன்று மாலையே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டாவது தடவை வாசலிலேயே நின்று பேசினாள். அழவில்லை. "உங்க மேல கோபம் இல்லப்பா. ஆனா அந்த வீட்டுல எந்தச் சுவத்துக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. என் புள்ளையோட அங்க கால் வைக்க மாட்டேன்" என்றாள். மனசு விட்டுப்போயிற்று. இருபத்தெட்டு வருஷம் அவளை ஒரு சின்ன ஷாக் கூட அடிக்க விடாமல் வளர்த்த வீடு அது.

அதனால்தான் நானாகவே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். என்னை யாரும் சந்தேகப்படவில்லை, நீங்களே ஆச்சரியப்பட்டீர்கள். கட்டையைத் திரும்பச் செருகியது நான். அது அவரைக் கொல்லும் என்று தெரிந்துதான் செருகினேன். தெரியாமல் செய்ய நான் என்ன, கூட்டித் துடைக்க வந்தவனா? எந்த லைனும் எதோடும் ஒட்டவில்லை. இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அறிக்கையில் வயரிங் கோளாறு என்கிற வரியை அடித்துவிட்டு, ஒரு நகலை என் மகளுக்கு அனுப்ப வேண்டும்.

டிம்மரை நானே திரும்ப மாட்டிவிட்டேன், டிராயரில் வைத்திருந்த சரியான பல்போடு. குழந்தையின் கண்ணில் அடிக்காத அளவுக்குக் குறைத்து வைத்திருக்கிறேன். தொட்டிலைத் துடைத்து விளக்குக்கு நேர் கீழே போட்டிருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. இதைப் படித்த பிறகாவது அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அங்கே பயப்படும்படி ஒன்றுமே இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.