எதிர் வீட்டுப் புகை

அதிகாரம், அதிகாரம்னு இவ்வளவு நேரம் பேசிட்டேன். இப்ப உங்களை ஒரு வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறேன்... சின்னக் கதைதான், கேளுங்க.

ஒரு ஊர். பேரு வேணாம். ஊர் எல்லையில நகராட்சிக் குப்பைக்கிடங்கு. அதுக்கு நேர் எதிர்ல ஒரு வீடு. துரைக்கண்ணுன்னு ஒரு தையல்காரர், அவர் சம்சாரம் செண்பகவல்லி. ரெண்டே பேர்தான். அந்தக் குப்பை எப்பப் பார்த்தாலும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். செண்பகவல்லிக்கு மூச்சிரைப்பு வந்துச்சு. மூணாவது தடவை ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப டாக்டர் சொல்லிட்டாரு, 'அந்தப் புகையில இனிமே இவங்க இருக்கக் கூடாதுங்க.'

துரைக்கண்ணு அவங்களைத் தென்காசிப் பக்கம் அவங்க தங்கச்சி வீட்டுக்கு அனுப்பி வச்சாரு. இவர் போகலை. எப்படிப் போவாரு? கடை இங்க. வீட்டை வித்துடலாம்னா... குப்பைமேட்டுக்கு எதிர்ல இருக்கிற வீட்டை எவன் வாங்குவான்?

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், ஒரு நாள் பிரிஞ்சு இருந்ததில்ல. இப்பத் தினமும் போன்தான். 'இன்னிக்குப் புகை எப்படிங்க?'ன்னு அவங்க கேட்பாங்க. 'குறைஞ்ச மாதிரிதான் இருக்கு'ம்பாரு இவர்.

குறையலைங்க. பொய்தான் சொன்னாரு. உண்மையைச் சொன்னா, இனிமே அங்கேயே இருந்துக்கலாம்னு அவங்க மனசு முடிவு பண்ணிடுமோன்னு பயம்.

திங்கக்கிழமை ஆனா மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனுவோட போவாரு. அங்க இருந்த அதிகாரி என்ன சொல்வாரு? 'ஐயா, நகராட்சியும் கவர்மென்ட், நாங்களும் கவர்மென்ட். எங்க ஆளுங்க மேல நாங்களே எப்படிங்க...' ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமும் இதே பதில்.

அப்புறம் அவர் மாற்றலாகி, நளாயினின்னு ஒரு மேடம் வந்தாங்க. அன்னிக்கு இவர் மனுவை நீட்டலை. நின்னுக்கிட்டே கேட்டாரு...

'மேடம், அந்தக் கிடங்கை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இருக்கா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. என் சம்சாரம் இங்க திரும்பி வரணும்னு, அங்க கொண்டுபோன பையைக்கூடப் பிரிக்காம உட்கார்ந்திருக்கா. இனிமே காத்திருக்காதன்னு சொல்லிடுறேன்.'

மேடம் சொன்னாங்க, 'இருக்குங்க.'

'இருக்கா?'

'எப்பவுமே இருக்கு.'

துரைக்கண்ணு அழுதுட்டாரு. இல்லைன்னு சொல்லியிருந்தா தாங்கியிருப்பாரு. இருக்குன்னதும்தான் தாங்க முடியலை.

அன்னிக்கு மத்தியானமே மேடம் கிடங்குக்குப் போனாங்க. அந்த வாரமே உத்தரவு போட்டாங்க. எரிக்கக் கூடாது, புதுக் குப்பை கொட்டக் கூடாது, பழசைச் சலிச்சுப் பிரிச்சு அள்ளணும். மேல இருந்து போன் வந்துச்சு. 'யாரைக் கேட்டுப் போட்டீங்க?' 'சட்டத்தைக் கேட்டுத்தான் போட்டேன் சார்.' அதோட விடலை. வாராவாரம் வந்து நின்னாங்க. எட்டு மாசத்துல குப்பை மொத்தமும் அள்ளியாச்சு, புகையும் நின்னுச்சு.

செண்பகவல்லி வந்தாங்க. பஸ்ஸை விட்டு இறங்கினா வீடு கொஞ்ச தூரம்தான். அதுக்குள்ள நாலு இடத்துல நின்னு மூச்சு வாங்கினாங்க. நெஞ்சு பழையபடி ஆகலைங்க. வாசல்ல நின்னு, எதிர்ல வெறும் மண்ணாக் கிடந்த இடத்தையே பார்த்தாங்க. பார்த்துட்டு மெதுவாக் கேட்டாங்க...

'இதை அப்பவே செஞ்சிருக்கலாம் இல்லைங்க?'

துரைக்கண்ணு இடத்துல நீங்க இருந்தா... என்ன சொல்லுவீங்க?

சட்டம் புதுசா வரலை. அதே நாற்காலி, அதே சட்டம். அதிகாரத்தைத் தப்பாப் பயன்படுத்தினா நமக்குக் கோபம் வருது. பயன்படுத்தாமயே வச்சிருந்தா? நமக்குத் தெரியறதுகூட இல்லை. ஆனா அது எங்கயோ ஒரு புருஷனையும் பொண்டாட்டியையும் பிரிச்சு வச்சிருக்கும்.

அதனால உங்க ஊர்க் குப்பைக்காக மனு குடுக்கப் போனீங்கன்னா, கெஞ்சாதீங்க. அதிகாரம் இருக்கான்னு கேளுங்க. இருக்குன்னு வாயால சொல்ற வரைக்கும் நில்லுங்க. சொன்னப்புறமும்... உத்தரவு வர்ற வரைக்கும் நில்லுங்க. அந்த மேசையில ஒரு நாள் தாமதம்னா, அது யாரோ ஒருத்தரோட ஆயுசுல ஒரு நாள்.