நயினார் சாப்பிட்டதாகச் சொல்லப்பட்ட சோறு

1968-ஆம் வருடம் டிசம்பர் மாதம் 19-ந் தேதி வியாழக்கிழமை பிற்பகல், செஞ்சி பயணியர் பங்களாவில், விருஷபதாஸ் நயினார் என்பவர் இறந்தது குறித்து நடந்த விசாரணையில், விசாரணை அதிகாரி முன்பு சாட்சி கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் தனகோட்டி. வயது ஐம்பத்தொன்று. தகப்பனார் பெயர் ராஜாராம் செட்டியார். செஞ்சி கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கிறேன். கடை மாடியிலேயே குடியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும். என்னை யாரும் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வரவில்லை. சம்மன் வந்தது, வந்தேன்.

இறந்துபோன விருஷபதாஸ் நயினாரை எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். அவர் சமணர். தளவானூரில் நிலம் வைத்து மணிலாக் கடலையும் நெல்லும் பயிர் செய்து வந்தார். வீடு செஞ்சியில். எங்கள் ஊர் வக்கீல் வெங்கடரமணன் இரண்டு வருடத்துக்கு முன்பு குடிமக்கள் உரிமைச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தபோது நானும் நயினாரும் அதில் சேர்ந்தோம். போலீசார் ஒருவரைப் பிடித்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்த வேண்டும், அடிக்கக் கூடாது, சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்பவற்றை விசாரித்துக் கேட்பதே சங்கத்தின் வேலை. வெளிதேசங்களில் எல்லாம் இதற்குச் சங்கங்கள் இருப்பதாக வக்கீல் சொல்லி, அவர்களுடைய பத்திரிகையைத் தமிழில் படித்துக் காட்டுவார். முதலில் நான் அதைப் பஜனை மடம் மாதிரி வாரம் ஒரு நாள் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு அவலூர்பேட்டை சந்தையில் போலீசார் பிடித்த ஒரு வண்டிக்காரரை நாங்கள் போய்க் கேட்ட அன்றே விட்டுவிட்டார்கள். அவருடைய தாயார் கடைக்கு வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து எனக்கும் இதில் பிடிப்பு வந்துவிட்டது.

சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் கடையின் பின்கட்டில் நடக்கும். கோட்டையின் ராஜகிரி மலை உச்சிக்குப் பொழுது இறங்கியதும் நயினார் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். அவர்கள் மதத்தில் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். ஆகையால் எங்கள் கூட்டம் எத்தனை பெரிய விஷயமாக இருந்தாலும் விளக்கு வைப்பதற்குள் கலைந்துவிடும். சூரியனுக்கும் உங்களுக்கும் என்ன ஒப்பந்தம் என்று நான் அவரைக் கேலி செய்வது உண்டு. அவர் சிரித்துக்கொண்டே போவார்.

இதை நான் காது வழியாகக் கேட்டுச் சொல்லவில்லை. போன வருடம் அவலூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் போனபோது வழியில் பஸ் நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிட்டது. நான் இலையில் உட்கார்ந்து இரண்டு தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டேன். நயினார் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர், பந்தலுக்கு வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டார் வந்து கெஞ்சினார்கள். அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இம்மாதம் முதல் வாரத்தில், பக்கத்து நிலத்து மோட்டார் கொட்டகையில் செம்புக் கம்பி திருடியதாகச் சொல்லி, நயினார் நிலத்தில் வேலை செய்யும் இருளர் துரைக்கண்ணு என்பவரைக் கல்மேட்டுப்பட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி தைலம்மாள் மூன்று நாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு கடைக்கு வந்து எங்களிடம் சொன்னார். வக்கீல் அன்று கோர்ட்டுக்குப் போயிருந்தார். நாமே போய்க் கேட்கலாம் என்று நயினார் சொன்னதன் பேரில் நானும் அவரும் மத்தியான பஸ்ஸில் கல்மேட்டுப்பட்டு போனோம்.

சப்-இன்ஸ்பெக்டர் எங்களை மரியாதையாகவே உட்கார வைத்தார். எந்த ஊர், என்ன தொழில் என்று விசாரித்தார். துரைக்கண்ணுவை எப்போது கோர்ட்டில் ஆஜர் செய்வீர்கள் என்று நயினார் கேட்டார். அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, பின்பக்கத்து அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதன் போட்ட சத்தந்தான். நயினார் யாரையும் கேட்காமல் எழுந்து போய் அந்த அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. தாம் பார்த்ததை எழுதிக்கொள்ள வேண்டும் என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. தாராளமாக எழுதிக்கொள்ளலாம், பார்த்தவர் மட்டும் இருந்தால் போதும், செட்டியார் பஸ்ஸுக்குப் போகலாம் என்றார்.

நான் தயங்கினேன். நயினார் என்னைப் பார்த்து, "நீங்க போங்க செட்டியாரே. வக்கீலாண்ட சொல்லிடுங்க. நான் பொழுதோட வந்துடறேன்" என்றார். அப்போது வெயில் நன்றாக இருந்தது. அதன் பிறகு நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

அன்று மாலை அவருடைய மனைவி ராஜமதி சோறு வடித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். பொழுது போனதும் சோற்றை மூடி உள்ளே எடுத்து வைத்துவிட்டதாக என்னிடம் சொன்னார். மறுநாள் நானும் வக்கீலும் ஸ்டேஷனுக்குப் போனோம். நேற்றே அனுப்பிவிட்டோம் என்றார்கள். பின்பக்கத்து அறை கழுவி விடப்பட்டுக் கதவு திறந்திருந்தது. அதற்கு மறுநாள் காலையில், செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் செட்டிக்குளத்தில் நயினாருடைய உடல் மிதப்பதாக ஆடு மேய்ப்பவர்கள் வந்து சொன்னார்கள்.

குளக்கரையில் நான், வக்கீல், ராஜமதி இன்னும் பலர் இருந்தோம். சப்-இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். அவர் எல்லோரும் கேட்கும்படி, நயினாரைத் தாங்கள் விருந்தாளி போல நடத்தியதாகவும், ராத்திரி எட்டு மணிக்கு ஓட்டலிலிருந்து சோறும் உருளைக்கிழங்குக் குழம்பும் வரவழைத்துக் கொடுத்ததாகவும், அவர் திருப்தியாகச் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுக் கடைசி பஸ்ஸில் ஏறியதாகவும், அதன் பிறகு குளத்தில் எப்படி விழுந்தார் என்பது தங்களுக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

யோசிக்காமல், "நயினாரு பொழுது போனா பச்சத் தண்ணிகூட குடிக்க மாட்டாரே சார்" என்று சொல்லிவிட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா? நீங்க ராத்திரி சாப்புடுவீங்க இல்ல செட்டியாரே?" என்று கேட்டார். சாப்பிடுவேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டார்.

ராஜமதி அதுவரை அழவில்லை. அவர் என் பக்கத்தில் வந்து, "அண்ணே, அவரு ராத்திரி சாப்ட்டாருன்னு எழுதிடுவாங்களா?" என்று கேட்டார். "செத்தது எப்பிடின்னு அவங்க இன்னா வேணா எழுதட்டும். இத மட்டும் எழுத வேணாம்னு சொல்லுங்க. ஒரு நாளும் செஞ்சதில்ல" என்றார். அதைச் சொல்வதற்காகவே நான் இன்று வந்திருக்கிறேன். என் சிநேகிதரைக் கொன்றதும் இல்லாமல் அவர் வாயில் சோற்றையும் திணித்து எழுதுகிறார்கள் என்பது என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது.

பத்தாந் தேதி மனித உரிமை நாள் என்று கூட்டம் போட நோட்டீஸ் அடித்திருந்தோம். வரவேற்புரை நயினார் பெயரில் இருந்தது. கூட்டம் நடக்கவில்லை. துரைக்கண்ணுவை விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். ஆனால் அவரும் தைலம்மாளும் குடிசையில் இல்லை, எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் யாரும் சொல்லவில்லை. வக்கீல், மெட்ராசுக்கும் வெளிதேசத்துச் சங்கத்துக்கும் தந்தி கொடுத்தார். அதன் பிறகு ஒரு நாள் அவர் வீடு பூட்டிக் கிடந்தது. மெட்ராஸ் போயிருக்கிறார் என்கிறார்கள். சங்கத்தில் இருந்த மற்றவர்கள் ஆணி வாங்கக்கூட என் கடைக்கு வருவதில்லை.

குளக்கரையில் நான் பேசிய அன்றிலிருந்து, விளக்கு வைத்தபின் ஒரு கான்ஸ்டபிள் என் கடை எதிரில் வந்து நிற்கிறார். என்னை மிரட்டவில்லை, தொடவில்லை. கடை சாத்தும்போது, "சாப்ட்டாச்சா செட்டியாரே?" என்று கேட்கிறார். அவ்வளவுதான். எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்பதுதான். இப்போது அந்த வார்த்தையைக் கேட்டால் என் மனைவி கமலாம்பாள் கையிலிருக்கும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிடுகிறாள்.

பசி தாங்காமல் அன்று ஒரு நாள் மட்டும் நயினார் சாப்பிட்டிருக்கலாம் அல்லவா என்று விசாரணை அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன். கல்யாணப் பந்தலில் கெஞ்சியபோது சாப்பிடாதவர், அந்த அறைக்குள் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில்கூட உட்காராதவர், அதே ஸ்டேஷனில் உட்கார்ந்து குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார் என்பதை நான் நம்ப மாட்டேன். உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் வயிற்றில் சோறு இருந்ததா என்று எழுதியிருப்பார். அதை எனக்குக் காட்டவில்லை. தாங்கள் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று எழுதிக்கொள்ள வேண்டும். அதிகாரி இது விசாரணைக்குச் சம்பந்தமில்லை என்றார், சம்பந்தம் உண்டு என்று நான் சொன்னதன் பேரில் எழுதப்படுகிறது. நயினாரைப் பற்றிச் சொன்ன கதை பொய் என்று கண்டுபிடிக்க முடிந்தது, அவருக்கு ஒரு நியமம் இருந்ததால்தான். எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நான் எந்த நேரத்திலும் எதையும் சாப்பிடுகிறவன் என்பது கடைத்தெருவுக்கே தெரியும். நான் எங்கே, எப்போது, யாரோடு சாப்பிட்டுவிட்டு எந்தக் குளத்துக்குப் போனேன் என்று யார் சொன்னாலும் ஊர் நம்பிவிடும். ஆகையால் இன்று முதல் நானும் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை. என் மனைவிக்கும் ராஜமதிக்கும் சொல்லியிருக்கிறேன். கோட்டைப் பக்கம் எனக்கு வேலை எதுவும் இல்லை. எனக்கு நன்றாக நீந்தத் தெரியும்.

மேலே எழுதியது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. இதில் கையெழுத்துப் போடும்போது ராஜகிரிக்கு மேலே பொழுது இன்னும் இருக்கிறது. உடம்பில் காயம் இல்லாமல், என் காலால் நடந்து, சாப்பிடுவதற்காக நேரே வீட்டுக்குப் போகிறேன்.

(ஒப்பம்) ரா. தனகோட்டி