ஒற்றைப்படையாக இருந்தால்

என் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி உண்டு. சக்கரம் வைத்தது அல்ல. நாலு காலும் தரையில் ஊன்றி நிற்கிற மர நாற்காலி. சந்தேகம் கேட்க வருகிறவர் பாதி விளக்கத்தில் உருண்டுகொண்டே நழுவிவிடக் கூடாது என்று நானே தேடிப் பிடித்துப் போட்டது. விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். நாற்காலியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் இந்த நிறுவனத்தில் ஆவணம் எழுதுகிறவன். பொறியாளர்கள் ஒன்றைச் செய்து முடிப்பார்கள்; அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். அவர்கள் வாயைக் கிளறி விஷயத்தை வாங்கி, படிக்கிறவருக்குப் புரியும்படி எழுதுவது என் பாடு. இந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று மேலாளர் அடிக்கடி சொல்வார். எனக்கென்னவோ இதைவிட இன்பமான வேலை இருப்பதாகவே தெரியவில்லை.

நீங்கள் சட்டப் பிரிவிலிருந்தும் ஆள்சேர்ப்புப் பிரிவிலிருந்தும் வந்தவர்கள். அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சிரமமே இல்லை.

நம் தொழில், கணினிக்குள் கணினி வைத்து வாடகைக்கு விடுவது. அலமாரி உயரத்தில் பெரிய இயந்திரம் ஒன்று. அதற்குள் நாற்பது பொய்க் கணினிகள். மெய்நிகர் கணினி என்று எழுதுவோம், பேசும்போது வி.எம். ஒவ்வொரு வி.எம்மும் அந்த இயந்திரமே தனக்குத்தான் என்ற நினைப்பில் மிதந்துகொண்டிருக்கும். யாருக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது என்பது பெரிய இயந்திரத்துக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே அது ஒவ்வொரு வி.எம்முக்கும் நினைவகத்தில் ஒரு சின்னப் பலகை மாட்டி, விவரம் எழுதிக்கொண்டே இருக்கும்: நீ இவ்வளவு நேரம் ஓடினாய், உன் முறை வருவதற்காக இவ்வளவு நேரம் காத்திருந்தாய், உன்னிடமிருந்து இவ்வளவு நினைவகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பலகையில் எழுத்தும் கிடையாது, தலைப்பும் கிடையாது. வரிசையாக பைட்டுகள், அவ்வளவுதான். வேறொருவர் வீட்டுச் சமையலறைக்குள் நுழைகிறீர்கள். ஒரே மாதிரி டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன, ஒன்றிலும் பெயர் ஒட்டவில்லை. எது உப்பு, எது சர்க்கரை? இடமிருந்து மூன்றாவது சர்க்கரை என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் என் ஆவணம். முதல் நான்கு பைட், பதிப்பு எண். அடுத்த நான்கு, மாற்ற எண். அதற்கடுத்த எட்டு, ஓடிய நேரம். இப்படியே கடைசி டப்பா வரை.

மாற்ற எண் என்பதில்தான் அழகே இருக்கிறது. கையால் தகடு மாட்டுகிற பழைய ஸ்கோர் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது இருநூறாக வேண்டும். ஏணியில் நிற்பவர் முதலில் ஒன்றை எடுத்துவிட்டு இரண்டை மாட்டுகிறார். மற்ற இரண்டு ஒன்பதும் இன்னும் அப்படியே தொங்குகின்றன. அந்த நொடியில் தலை நிமிர்ந்து பார்க்கிறவர் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று படித்து மயங்கி விழுவார். பலகை பொய் சொல்லவில்லை. எழுதி முடிக்குமுன் படித்ததுதான் தப்பு.

இதற்கு நம் வி.எம் பலகையைச் செய்த பொறியாளர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எழுதத் தொடங்கும்போது மாற்ற எண்ணில் ஒன்றைக் கூட்டு. எழுதி முடித்ததும் இன்னொன்றைக் கூட்டு. ஆக, எண் ஒற்றைப்படையாக இருந்தால் ஏணியில் ஆள் நிற்கிறார் என்று அர்த்தம். படிக்கிறவர் என்ன செய்ய வேண்டும்? நான் எழுதியிருந்தேன்: ‘மாற்ற எண் ஒற்றைப்படையாக இருந்தாலோ, படித்து முடிப்பதற்குள் மாறியிருந்தாலோ, படித்ததைக் கைவிட்டு மறுபடி படிக்கவும்.’ பூட்டு இல்லை, சாவி இல்லை, யாரும் யாருக்காகவும் கதவைத் தட்ட வேண்டியதில்லை. இதை அந்தப் பொறியாளர் எனக்கு விளக்கிய அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்த ஒரு வரியின் பொருள் முழுதாகத் தெரிந்தவன் இங்கே நான் மட்டும்தான் என்று ஆயிற்று.

ஆவணம் வெளிவந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. வருவார்கள், வேலை மும்முரத்தில் இருப்பார்கள் என்று நினைத்தேன். ஒருநாள் யாருக்கோ பிறந்தநாள். பலூன் கட்ட ஏறி நிற்க வேண்டும் என்று வரவேற்பறைப் பெண் வந்து என் நாற்காலியைத் தூக்கினாள்.

“இதுல யாரும் உக்கார்றதில்லையே சார்?”

“வருவாங்க.”

“யாரு?”

நாற்காலி போனது. பலூன்கள் சுருங்கி விழுந்த பிறகும் திரும்பவில்லை.

அதே வாரம் என் மச்சினன், மனைவியின் தம்பி, இங்கே தகுதிகாண் பணியில் சேர்ந்தான். எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தான். நல்ல பையன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான். என் வேடிக்கைகளுக்குச் சிரிப்பான். அவன் வேலை, பலகைகளை எல்லாம் படித்து, எந்த வி.எம்முக்காவது பைத்தியம் பிடித்தால் உடனே நிறுத்திவிடுகிற ஒரு நிரல் எழுதுவது. அதற்குக் காவல்காரன் என்று பெயர் வைத்திருந்தான். காவல்காரன் ஒழுங்காக ஓடினால் அவன் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் தனி வீடு, அப்புறம் கல்யாணம் என்று என் மனைவி வரிசையாகத் திட்டம் வைத்திருந்தாள்.

அந்த நிரலை எழுதத் தொடங்கும் முன் ஒரு மாலை, சாப்பாட்டு மேசையில் சொன்னான்.

“மாமா, உங்க டாக்குமென்ட் பிரமாதம். இன்னும் மேலோட்டமாத்தான் புரட்டினேன், அதுலயே எல்லாம் புரியுது. உங்ககிட்ட வந்து கேக்க ஒரு கேள்விகூட மிச்சமில்ல.”

“அப்ப உன் மாமா வீட்லயும் வாயைத் திறக்க வேண்டாம்னு சொல்லுடா,” என்றாள் மனைவி. “இங்க நான் கேக்காமலே விளக்கிட்டிருக்கார். நேத்து ஃப்ரிட்ஜ் ஏன் சத்தம் போடுதுன்னு அரை மணி நேரம்.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குளிர்சாதனப் பெட்டி சத்தம் போடுவதற்கு மிகச் சுவையான காரணம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் ஆவணத்தைத் திறந்து அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆவணத்தில் நான் பொய் எழுதவில்லை. மாற்ற எண் என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு முறை எழுதும்போதும் அது மாறும் என்று அப்படியே இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் இல்லை. என்ன மாற்றினோம் என்று குறிக்கிற இடத்தில் ‘எழுத்துப் பிழைகள் திருத்தப்பட்டன’ என்று எழுதினேன். அதுவும் பொய்யாகிவிடக் கூடாதே என்று தேடிப் பிடித்து இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். ஒரு ஒற்று, ஒரு ரகரம். என் மனசாட்சி அந்த விஷயத்தில் சுத்தம்.

காவல்காரனை முதலில் சோதனைக்காக, எதையும் நிறுத்தாமல் படிக்க மட்டும் ஓடவிட்டார்கள். பத்து நாளைக்கு ஒருமுறை பேய் வரத் தொடங்கியது. அப்படித்தான் பொறியாளர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். நேற்று வாடகைக்கு எடுத்த வி.எம் ஒன்று, மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த காலத்திலிருந்து ஓய்வில்லாமல் ஓடுவதாகக் கணக்கு காட்டும். அடுத்த நொடி பார்த்தால் ஒழுங்காக இருக்கும். எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்தார்கள். நின்றுகொண்டு கேட்பது கால் வலிக்கிறது என்று யாரோ அந்த மர நாற்காலியைத் தேடிக் கொண்டுவந்து போட்டார்கள்.

அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. பைட் எந்த வரிசையில் அடுக்கப்படுகிறது, எட்டின் மடங்கில் ஏன் தொடங்க வேண்டும், நடுவில் ஏன் வெற்றிடம் விடுகிறார்கள், எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கேட்டவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள் ஆகிப் போனார்கள். அந்த ஒன்றைத் தவிர எதையும் நான் மறைக்கவில்லை.

மச்சினன்தான் அதிகம் வந்தான். கண் உள்ளே போய்விட்டது. சாப்பிட்ட தட்டை மறந்து அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

“மாமா, எங்கேயோ நான் தப்பு பண்றேன். எங்கேன்னு தெரியல.”

“பதறாதே. முதல் பைட்லேர்ந்து பாப்போமா?”

“நேத்தும் அங்கேர்ந்துதானே மாமா பாத்தோம்?”

“நேத்து அவசரமாப் பாத்தோம்.”

அவனும் தலையாட்டிக்கொண்டு உட்காருவான். கேட்க அவ்வளவு நல்ல ஆள் எனக்கு வாய்த்ததே இல்லை. இடையில் ஒருமுறை அவனே, “இந்த மாற்ற எண் எதுக்கு மாமா? சும்மா ஒண்ணு ஒண்ணாக் கூடிட்டே போகுது,” என்றான். விரல் சரியாக அதன் மேல்தான் இருந்தது. நல்ல கேள்வி, அதற்குக் கடைசியில் வருவோம் என்றேன். கடைசிக்கு நாங்கள் வரவே இல்லை.

பிறகு ஓட்டல். நமது வாடிக்கையாளர், அறைக் கதவுகளின் பூட்டெல்லாம் நம்மிடம் இருக்கும் ஒரு வி.எம்மைக் கேட்டுத்தான் திறக்கும். தகுதிகாண் காலம் முடியப் போகிறது என்று காவல்காரனுக்கு நிறுத்துகிற அதிகாரத்தையும் கொடுத்திருந்தார்கள். ஒரு காலையில் அவன் அந்த வி.எம்மின் பலகையைப் படித்த நொடியில் ஏணியில் ஆள் நின்றிருந்தார். யுகயுகமாக ஓடுகிற வி.எம் என்று பார்த்ததும் காவல்காரன் தன் கடமையைச் செய்து, அதை நிறுத்திவிட்டான். நாலாவது மாடியில் நீச்சல் குளத்திலிருந்து திரும்பியவர்கள் எல்லாம் துண்டோடு தாழ்வாரத்தில் நின்றார்கள். ஒருவர் தலையில் ஷாம்பு நுரையோடு, என்ன சத்தம் என்று எட்டிப் பார்க்க வெளியே வந்து, பின்னால் கதவு சாத்திக்கொண்டதாம். அவர் ஒரு நீதிபதி என்று பின்னால் தெரிந்தது. உங்களை இங்கே கூட்டியதே அவருடைய நுரைதான்.

முதல் நாள் விசாரணையில் நானும் இருந்தேன், ஆவணம் எழுதியவன் என்ற முறையில். மச்சினன் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

“டாக்குமென்ட்ல இருக்கறபடிதான் சார் செஞ்சேன்,” என்றான்.

“டாக்குமென்ட் மேல பழி போடாதீங்க தம்பி,” என்றார் மேலாளர். “நம்ம கம்பெனியிலேயே ஒழுங்கான டாக்குமென்ட் அது ஒண்ணுதான்.”

“பழி போடல சார். மாமா எழுதினதுல தப்பு இருக்காது. தப்பு என்னோடதாத்தான் இருக்கும்.”

நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். அவனை வேலையிலிருந்து எடுப்பது என்று ஏறக்குறைய முடிவான மாதிரி இருந்தது. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன்: மனசு நிறைந்திருந்தது. ஒழுங்கான ஆவணம் என்று மேலாளர் அதுவரை நாலு பேர் முன்னால் சொன்னதில்லை.

அன்று வீட்டில் மச்சினன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். நண்பன் அறைக்குப் போகிறானாம். வேலையில்லாமல் அக்கா வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருக்கிறதாம். மனைவி வாசலில் நின்று, “நீங்க எதாவது சொல்லக் கூடாதா? அத்தனை பேருக்கு அத்தனை சொல்றீங்களே,” என்றாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் நீங்கள் வெளியிலிருந்து ஒரு நிபுணரைக் கூட்டிவந்தீர்கள். வந்தவர் வெள்ளைப் பலகையில் ஒரு பூமி, ஒரு சூரியன் வரைந்தார். விண்வெளியிலிருந்து வருகிற கதிர் ஒன்று நினைவகத்தில் பட்டு எண் புரண்டிருக்கும் என்றார். பைட்டுகளின் வரிசையைத் தலைகீழாக எழுதினார். நீங்கள் மூவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினீர்கள்.

மச்சினன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது நான் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

எழுந்து போய் அவர் கையிலிருந்த மார்க்கரை வாங்கினேன். சூரியனை அழித்தேன். ஸ்கோர் பலகை வரைந்தேன், ஏணி வரைந்தேன், மாற்ற எண்ணை எழுதினேன். ஒற்றைப்படை, இரட்டைப்படை. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எதையும் விளக்கியதில்லை. உங்களில் மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா “ஓ!” என்றது இன்னும் காதில் இருக்கிறது. அந்த “ஓ”வுக்காகத்தான் மனுஷன் வாழ்கிறான்.

திரும்பினேன். மேலாளர் கேட்டார், “இவ்வளவு முக்கியமான விஷயம், டாக்குமென்ட்ல ஏன் இல்ல?”

“இருந்தது,” என்றேன். “முந்தின பதிப்புல.”

ஆக, அந்த வரியை எடுத்தவன் நான். தெரிந்தே எடுத்தேன். ஓட்டலில் நடந்ததற்கும் மச்சினன் பட்டதற்கும் அதுதான் காரணம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற ஆசை மட்டும்தான். அவனை வேலையில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கேட்கிற பையன்.

இதை உங்களுக்கு அனுப்புமுன் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தாள். மடித்து என் கையில் வைத்தாள்.

“புரியுதா?” என்றேன்.

“நல்லாப் புரியுது. எல்லாம் இருக்கு. ஒரே ஒரு வரிதான் விட்டுப் போச்சு.”

“எந்த வரி?”

“என் தம்பிகிட்டப் போய்க் கேளுங்க.”

மறுபடி மறுபடி சரிபார்த்துவிட்டேன். பதிப்பு எண் இருக்கிறது, மாற்ற எண் இருக்கிறது, ஏணி இருக்கிறது, நீதிபதியின் நுரைகூட இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் ஒன்றுதான் விட்டுப்போயிருக்கிறது. அதுவா என்று கேட்டால் அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தொழில்நுட்ப ரீதியாக இதில் எதுவும் விடுபடவில்லை. இருந்தாலும் உங்களில் யாருக்காவது அந்த வரி எது என்று தெரிந்தால், தயவுசெய்து என் மேசைப் பக்கம் வந்து சொல்லுங்கள். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.