ஸ்க்ரூ மேல் என் ஸ்டிக்கர்

சேலையூர் கேம்ப் ரோட்டில் யார் கம்ப்யூட்டர் வாங்குவதானாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அசெம்பிள் செய்து தருகிறவன் நான். எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: "வெயிட் பண்ணுங்க, விலை குறையும்." ஜோசியரைவிட என் வாக்கு நன்றாகப் பலித்தது. கம்ப்யூட்டர் சாமான் விலை என்றைக்கு ஏறியது?

விக்கி இரண்டு வருஷம் கேட்டான். அனிமேஷன் படித்தவன். வேலைக்கு ஒரு நிமிஷப் படம் செய்து அனுப்ப வேண்டும். அதற்குப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்.

"இப்ப வாங்கிடலாமாண்ணா?"

"அடுத்த மாடல் வருதுடா."

ஞாயிறு தவறாமல் வருவான். டீ சொல்வேன், மத்தியானம்வரை கார்டுகளைப் பற்றியே பேசுவோம். வாங்கிவிட்டால் அப்புறம் எதற்கு வரப்போகிறான்? என்னைத் தேடி வேறு யாரும் வரிசையில் நிற்கவில்லை.

2007 மே மாதம் ரிச்சி தெருக் கடைகளுக்குப் போய், என்னைக் கேட்காமலே கார்டோடு எல்லாச் சாமானையும் வாங்கிவந்துவிட்டான். பெட்டியை என் மேஜையில் வைத்து, "நீங்கதாண்ணா மாட்டித் தரணும்" என்றான். முதுகில் குத்தியவன் கத்தியையும் துடைத்துத் தரச் சொன்ன மாதிரி இருந்தது.

மாட்டித் தந்தேன். கூலி வாங்கவில்லை. கார்டு சூடாகாமலிருக்க அதன் மேலிருக்கும் குட்டி ஃபேனின் ஒயரை மட்டும் பிடுங்கி மடித்துவைத்தேன். மூடியை முடுக்கி, வழக்கம்போல ஸ்க்ரூ மேல் என் ஸ்டிக்கரை ஒட்டினேன். அது கிழிந்தால் கியாரண்டி கிடையாது.

வெள்ளிக்கிழமை போன் செய்தான். "படம் கோடு கோடா வருதுண்ணா. திங்கக்கிழமை அனுப்பணும். திறந்து பாக்கட்டுமா?"

"ஸ்டிக்கரைத் தொடாத. அக்னி நட்சத்திரம்டா, அதான். டேபிள் ஃபேனைத் திருப்பி வை."

வைத்தான். அவன் அம்மா சரளா அக்கா இரண்டு நாளும் பழைய காலண்டர் அட்டையால் பெட்டிக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஞாயிறு மத்தியானம் கார்டு கருகியது. படம் நாற்பது விநாடியோடு நின்றது. வேலை வேறு யாருக்கோ போனது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தான். ஸ்டிக்கரில் ஒரு நகக்கீறல்கூட இல்லை. அவன் டீ குடிக்கிற நேரத்தில் ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டேன். தொழில் சுத்தம் முக்கியம்.

இப்போது பழையபடி ஞாயிறுதோறும் வருகிறான். "நீங்க சொன்ன மாதிரி வெயிட் பண்ணியிருக்கணும்ணா" என்றான் போன வாரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பிள்ளை. இனிமேலாவது எனக்குத் துரோகம் பண்ணாமல் இருந்தால் சரி.